சமரசம் ஆயிற்று, ஒப்புதல் இன்னும் வரவில்லை: நடுவில் நிற்கும் தேதிகள் என்ன ஆகும்?

சட்டம் – கேள்வி பதில்

அமெரிக்காவில் நடக்கும் கிளாஸ் ஆக்‌ஷன் வழக்குகளில் (பாதிக்கப்பட்ட பலர் அடங்கிய ஒரு குழுவுக்காக ஒருசிலர் தொடுக்கும் வழக்குகள்) இரு தரப்பும் சமரசத்துக்கு வந்த பிறகு, நீதிபதி முதற்கட்ட ஒப்புதல் (குழு உறுப்பினர்களுக்கு அறிவிப்பு அனுப்ப விடும் முதல் அனுமதி) தரும் வரை சில மாதங்கள் ஓடும். அந்த மாதங்களைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்திருக்கிறோம். மாநில நீதிமன்றம் என்று தனியாகச் சொல்லாத இடங்களில் எல்லாம் பதில் ஃபெடரல் நீதிமன்றத்துக்கானது.

கேள்வி: தனிநபர் தகவல் கசிந்தது தொடர்பான வழக்கில் நான் குழுவின் சார்பில் வழக்காடும் பிரதிநிதி வாதி. போன வாரம் மத்தியஸ்தர் முன்னிலையில் சமரசம் முடிந்தது. ஆனால் அடுத்த வாரம் என் டெபோசிஷன் (நீதிமன்றத்துக்கு வெளியே சத்தியம் செய்து தரும் வாக்குமூலம்) இருக்கிறது. போக வேண்டுமா? (வாசகி, சன்னிவேல்)

உங்கள் வழக்கறிஞர் "தள்ளிவைத்தாயிற்று" என்று எழுத்தில் சொல்லும் வரை போகத் தயாராக இருங்கள். சமரசம் ஆகிவிட்டது என்பதற்காக எந்தத் தேதியும் தானாக ரத்தாகிவிடாது.

உங்கள் டெபோசிஷன் தேதியைக் குறித்தது எதிர்த்தரப்பு வழக்கறிஞர், நீதிபதி அல்ல. எனவே ஃபெடரல் சிவில் நடைமுறை விதி 29-இன்படி இரு தரப்பு வழக்கறிஞர்களும் தங்களுக்குள் பேசியே அதை மாற்றிக்கொள்ளலாம். மின்னஞ்சலில் இரண்டு வரி போதும். ஆனால் டிஸ்கவரி (இரு தரப்பும் ஆதாரங்களைக் கேட்டுப் பெறும் கட்டம்) முடிய வேண்டிய கெடுவை நீதிபதி வைத்திருப்பார். டெபோசிஷன் 22-ஆம் தேதி, டிஸ்கவரி கெடு 30-ஆம் தேதி என்றால், அடுத்த மாதத்துக்குத் தள்ளுவது அந்தக் கெடுவைத் தாண்டுகிறது. அப்போது வழக்கறிஞர்களின் உடன்பாடு மட்டும் செல்லாது. நீதிமன்ற அனுமதி வேண்டும். விதி 16(பி)(4) தகுந்த காரணமும் நீதிபதியின் சம்மதமும் இல்லாமல் கால அட்டவணையை மாற்ற முடியாது என்கிறது. உங்கள் வழக்கறிஞரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: டிஸ்கவரி கெடுவை நிறுத்தி நீதிபதி கையெழுத்திட்ட உத்தரவு வந்துவிட்டதா?

தொலைபேசி, மின்னஞ்சல், பழைய கடிதங்கள் எதையும் இப்போதும் அழிக்கக் கூடாது. சமரசம் முறிந்தால் வழக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும், அதே ஆவணங்களைத்தான் மறுபடி கேட்பார்கள்.

கேள்வி: ஒப்பந்தம் முடிந்தபின் ஒப்புதல் மனு போட மட்டும் இரண்டு மாதம் கேட்கிறார்களே, இது இழுத்தடிப்பா? (வாசகர், எடிசன்)

பெரும்பாலும் இல்லை. மத்தியஸ்தர் முன் கையெழுத்தாவது சில பக்கக் குறிப்புதான். அதை முழு ஒப்பந்தமாக எழுத வேண்டும், குழுவில் யார் யார் அடங்குவர் என்பதை வரையறுக்க வேண்டும், எந்தெந்த உரிமைக் கோரிக்கைகள் கைவிடப்படுகின்றன என்று சொல்லுக்குச் சொல் பேசித் தீர்க்க வேண்டும். பணத்தைப் பகிர்ந்தளிக்கும் நிர்வாக நிறுவனங்களிடம் விலைப்புள்ளி வாங்க வேண்டும். உறுப்பினர்களுக்குப் போகும் அறிவிப்பு, விலகல் படிவம் (சமரசத்தில் சேராமல் வெளியேற விரும்புவோருக்கு), இழப்பீட்டுப் படிவம் எல்லாம் மனுவோடு இணைப்பாகப் போக வேண்டும்.

2018 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள, கிளாஸ் வழக்குகளுக்கான விதி 23(இ)(1) இந்த வேலையைக் கூட்டியிருக்கிறது. சமரசத்துக்குப் பிற்பாடு இறுதி ஒப்புதல் கிடைக்கும் வாய்ப்பு உண்டு, குழுவுக்குச் சான்றளிக்கவும் (அதாவது, குழுவாக வழக்காடத் தக்கவர்கள் என்று நீதிமன்றம் ஏற்கவும்) முடியும் என்று காட்டத் தேவையான தகவலை முதற்கட்டத்திலேயே தர வேண்டும். வழக்கில் முழுமையாக வென்றால் எவ்வளவு கிடைக்கும், சமரசத்தில் கிடைப்பது அதில் எத்தனை பங்கு, அந்தக் குறைவுக்கு என்ன காரணம் என்பதற்கெல்லாம் கணக்கு வேண்டும். அவசரத்தில் போட்ட மனு தள்ளுபடியானால் இழப்பது இரண்டு மாதத்துக்கும் அதிகம்.

45 முதல் 60 நாள் நியாயமான அவகாசம். அதற்குமேல் இரண்டாம் முறை, மூன்றாம் முறை நீட்டிப்புக் கேட்டால் காரணம் என்னவென்று பிரதிநிதி வாதிகள் கேட்க வேண்டும். நாளாக நாளாக உறுப்பினர்களின் முகவரிகள் பழசாகின்றன, அறிவிப்புகள் திரும்பி வருகின்றன. அந்த நஷ்டத்தைச் சுமப்பவர்கள் வழக்கு நடப்பதே தெரியாத உறுப்பினர்கள்தான்.

கேள்வி: சென்னையிலிருந்து அமெரிக்க வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றுக்கு வரைவு வேலை செய்கிறேன். சமரசத்தைக் காட்டி எல்லாக் கெடுக்களையும் நிறுத்தச் சொல்லி இரு தரப்பும் கூட்டாகப் போட்ட கோரிக்கையை நீதிபதி நிராகரித்துவிட்டார். அதில் என்னென்ன இருந்திருக்க வேண்டும்? (வாசகர், சென்னை)

உங்கள் வரைவைப் பார்க்காமல் சொல்வதானாலும், இத்தகைய கோரிக்கைகள் விழுவதற்கான காரணங்கள் பெரும்பாலும் ஒன்றுபோல்தான் இருக்கின்றன. முதல் காரணம், முடிவுத் தேதி இல்லாத நிறுத்திவைப்பு. "ஒப்புதல் நடவடிக்கைகள் முடியும் வரை" என்று மட்டும் எழுதினால், வழக்கு எப்போது திரும்பத் தன் மேசைக்கு வரும் என்பது நீதிபதிக்குத் தெரியாது. அவர் கேட்பது ஒரு நாள். மனு இந்தத் தேதிக்குள் தாக்கலாகும், தாக்கலாகாவிட்டால் அதே தேதியில் நிலை அறிக்கை வரும் என்று எழுதுங்கள்.

இரண்டாவது, "கொள்கையளவில் சமரசம்" என்ற சொற்றொடர். கையெழுத்தான குறிப்பு இருக்கிறதா, எந்தத் தேதியில் கையெழுத்தானது, இன்னும் என்ன பாக்கி என்பதைச் சொல்ல வேண்டும். தொகையைச் சொல்லத் தேவையில்லை. முக்கிய நிபந்தனைகள் எல்லாம் முடிந்துவிட்டன என்று சொல்ல முடியாத நிலையில் முழு நிறுத்திவைப்பைக் கேட்பதைவிட, 30 நாள் நீட்டிப்பைக் கேட்பதே மரியாதை.

மூன்றாவது, கெடுக்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிடாமல் "எல்லாத் தேதிகளும்" என்று எழுதுவது. நிபுணர் அறிக்கை, எதிர் நிபுணர் அறிக்கை, டிஸ்கவரி முடிவு, குழுச் சான்றளிப்பு மனுவின் பதிலும் மறுபதிலும், சம்மரி ஜட்ஜ்மென்ட் (விசாரணையின்றித் தீர்ப்பு) மனு, முன்விசாரணைக் கூட்டம், விசாரணைத் தேதி என்று ஒவ்வொன்றுக்கும் இப்போதைய தேதி, அதை வைத்த உத்தரவின் டாக்கெட் (நீதிமன்றத்தின் வழக்குப் பதிவேடு) எண், கேட்கும் மாற்றம் ஆகிய மூன்றையும் அட்டவணையாகக் கொடுங்கள். நிலுவையில் உள்ள மனுக்களை விட்டுவிடாதீர்கள். குழுச் சான்றளிப்பு மனு நிலுவையில் இருந்தால், அதை முடிவெடுக்காமல் வைத்திருக்கச் சொல்கிறீர்களா, மறுபடி தாக்கல் செய்யும் உரிமையோடு நிலுவைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்கிறீர்களா? இதைச் சொல்லாவிட்டால், சமரசம் கையெழுத்தாகும் வாரத்திலேயே அந்த மனுவின்மேல் உத்தரவு வந்துவிடலாம்.

அந்த உத்தரவு வந்துவிட்டால் ஆபத்து எதிர்பாராத பக்கத்திலிருந்து வருகிறது. சான்றளிப்பைத் தந்தோ மறுத்தோ உத்தரவு வந்தால், விதி 23(எஃப்)-இன்படி மேல்முறையீட்டு அனுமதி கேட்க 14 நாள் மட்டுமே. மாவட்ட நீதிமன்றத்தில் நிறுத்திவைப்பு இருக்கிறது, இரு தரப்பும் ஒத்துக்கொண்டாயிற்று என்பதெல்லாம் அந்த 14 நாளை நிறுத்தாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2019-இல் நியூட்ராசூட்டிகல் எதிர் லாம்பர்ட் வழக்கில், நியாயம் கருதிக்கூட அந்தக் கெடுவை நீட்டிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. எனவே தோற்ற தரப்பு, சமரசம் நடந்துகொண்டிருந்தாலும், தன் உரிமையைக் காக்க அந்த மனுவைப் போட்டே தீர வேண்டும்.

நான்காவது, உள்ளூர் விதியைப் பின்பற்றாதது. உதாரணமாக வட கலிஃபோர்னியா ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்தின் சிவில் உள்ளூர் விதி 6-2, கூட்டுக் கோரிக்கையோடு ஓர் உறுதிமொழியும் கேட்கிறது: மாற்றத்துக்கான காரணம், இதற்குமுன் நடந்த எல்லா நேர மாற்றங்களும், இந்த மாற்றம் வழக்கின் அட்டவணையை எப்படிப் பாதிக்கும் என்பதும். இரண்டாவதைச் சிலர் விட்டுவிடுகிறார்கள். நீதிபதியின் உதவியாளர் டாக்கெட்டைப் பார்த்த உடனே பழைய நீட்டிப்புகள் தெரிந்துவிடும். நாமே முன்வந்து சொல்வதுதான் நம்பிக்கையைத் தரும்.

நேரமும் ஒரு காரணமாகிறது. நாளை முடியும் கெடுவுக்கு இன்று மாலை கோரிக்கை போட்டால், உத்தரவு வராத நிலையில் கெடு கடந்துவிடும். கோரிக்கை தாக்கல் ஆனதாலேயே கெடு நின்றுவிடாது. குறைந்தது ஏழு நாள் முன்னதாகத் தாக்கல் செய்து, அதுவரை நிபுணர் அறிக்கை வேலையை நிறுத்தாமல் இருப்பதே பாதுகாப்பு.

கடைசியாக, சமரசம் கைகூடாவிட்டால் என்ன என்பதற்கும் ஒரு பத்தி வேண்டும். "முதற்கட்ட ஒப்புதல் மறுக்கப்பட்டால் 14 நாளுக்குள் தரப்புகள் புதிய கால அட்டவணையைக் கூட்டாக முன்வைக்கும்" என்ற ஒரு வாக்கியம் போதும். இது இருக்கும் கோரிக்கையில் கையெழுத்திட நீதிபதிகள் தயங்குவது குறைவு. விசாரணைத் தேதி நெருக்கத்தில் இருந்தால் மட்டும், மற்றதை நிறுத்திவிட்டு அந்தத் தேதியைப் பலர் தக்கவைத்துக்கொள்வார்கள். அதோடு போராட வேண்டாம்.

கேள்வி: சமரசம் ஆனதாக வழக்கறிஞர் தெரிவித்ததும், "60 நாளில் வழக்கு தள்ளுபடி" என்று உத்தரவு வந்துவிட்டது. வழக்கு போய்விட்டதா? (வாசகர், ஹூஸ்டன்)

இல்லை, ஆனால் சும்மா இருக்கவும் கூடாது. தனிநபர் வழக்குகளில் சமரச அறிவிப்பு வந்தால் பல நீதிமன்றங்கள் வழக்கமாக இடும் உத்தரவு இது. சான்றளிக்கப்பட்ட குழுவின், அல்லது சமரசத்துக்காகச் சான்றளிக்கப்பட இருக்கும் குழுவின் கோரிக்கைகளை விதி 23(இ) ஒப்புதல் இல்லாமல் முடிக்க முடியாது. இதை எடுத்துச் சொல்லி, அந்த உத்தரவைத் திருத்தி ஒப்புதல் மனுவுக்கான தேதி ஒன்றை வைக்கும்படி உடனே கேட்க வேண்டும். அந்த 60-ஆம் நாள் வரை காத்திருப்பது வீண் ஆபத்து. அறிவிப்பின் தலைப்பிலேயே "கிளாஸ் சமரசம், விதி 23(இ) ஒப்புதல் தேவை" என்று போட்டிருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது.

கேள்வி: முதற்கட்ட ஒப்புதல் உத்தரவில் போட வேண்டிய தேதிகளை எப்படிக் கணக்கிடுவது? இறுதி விசாரணையை எவ்வளவு சீக்கிரம் வைக்கலாம்? (வாசகி, ஃபிரீமான்ட்)

இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று மனு தாக்கலான நாளில் தொடங்குவது, மற்றொன்று நீதிபதி கையெழுத்திட்ட நாளில் தொடங்குவது. தவறுகள் பெரும்பாலும் முதலாவதை மறப்பதால் வருகின்றன.

2005-இன் கிளாஸ் ஆக்‌ஷன் நியாயச் சட்டத்தின்படி, சமரசம் நீதிமன்றத்தில் தாக்கலான 10 நாளுக்குள் ஒவ்வொரு பிரதிவாதியும் ஃபெடரல் அதிகாரிக்கும், குழு உறுப்பினர்கள் வசிக்கும் ஒவ்வொரு மாநிலத்தின் உரிய அதிகாரிக்கும் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அந்த அறிவிப்புகளில் கடைசியாகச் சேர்ப்பிக்கப்பட்டதிலிருந்து 90 நாள் கழியும் முன் இறுதி ஒப்புதல் உத்தரவு இடக் கூடாது. 10 நாள் ஓடத் தொடங்குவது தாக்கலிலிருந்து, ஒப்புதலிலிருந்து அல்ல. முதற்கட்ட ஒப்புதல் வரட்டும் என்று பிரதிவாதி காத்திருந்தால் கெடு போய்விட்டது என்று பொருள். அறிவிப்பே போகாவிட்டால், சமரசத்துக்குக் கட்டுப்பட மறுக்கும் உரிமையும் உறுப்பினர்களுக்கு உண்டு. அதனால் இதை வாதி தரப்பும் கண்காணிக்க வேண்டும். சேர்ப்பித்ததற்கான சான்றைக் கேட்டு வாங்கி மனுவோடு கோப்பில் வையுங்கள்.

கையெழுத்தான நாளைப் பூஜ்யமாக வைத்து ஒரு மாதிரி: 10-ஆம் நாளுக்குள் பிரதிவாதி உறுப்பினர் பட்டியலை நிர்வாகிக்குத் தருவது. 30-ஆம் நாள் அறிவிப்புகள் போவது. 45-ஆம் நாள் வழக்கறிஞர் கட்டண மனு. 90-ஆம் நாள் விலகலுக்கும் ஆட்சேபணைக்கும் கடைசி. 104-ஆம் நாள் இறுதி ஒப்புதல் மனுவும், எத்தனை அறிவிப்பு போனது, எத்தனை திரும்பியது, எத்தனை பேர் விலகினார்கள் என்ற நிர்வாகியின் உறுதிமொழியும். 125-ஆம் நாள் வாக்கில் விசாரணை. மாநில அதிகாரிகளுக்கான அறிவிப்பு தாமதமாகி 40-ஆம் நாள்தான் சேர்ந்தது என்று வையுங்கள். 90 நாள் முடிவது 130-ஆம் நாள். 125-இல் விசாரணை நடத்தத் தடையில்லை, கையெழுத்து மட்டும் 130 வரை பொறுக்க வேண்டும்.

கட்டண மனு ஆட்சேபணைக் கெடுவுக்கு முன்னால் வந்தே ஆக வேண்டும். வழக்கறிஞர்கள் எவ்வளவு கேட்கிறார்கள், ஏன் கேட்கிறார்கள் என்று படித்துப் பார்க்காமல் ஒருவர் எதை ஆட்சேபிப்பார்? கலிஃபோர்னியா உள்ளிட்ட மேற்கு மாநிலங்களுக்கான ஒன்பதாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-இல் மெர்க்குரி இன்டராக்டிவ் வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. வட கலிஃபோர்னியா நீதிமன்றத்தின் சமரச வழிகாட்டுதல், விலகவும் சமரசத்தையும் கட்டண மனுவையும் ஆட்சேபிக்கவும் குறைந்தது 35 நாள் கேட்கிறது. மேலே உள்ள மாதிரியில் கட்டண மனுவுக்குப் பின் 45 நாள் இருக்கிறது.

உத்தரவில் "30 நாளுக்குள்" என்று எழுதுவதா, நேரடித் தேதியா என்பதும் சின்ன விஷயமல்ல. நாள்கணக்காக இருந்தால் விதி 6(ஏ) பொருந்தும்: சனி ஞாயிறு எல்லாம் எண்ணப்படும், கடைசி நாள் விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாளுக்குப் போகும். குறிப்பிட்ட தேதியைப் போட்டுவிட்டால் அந்தச் சலுகை இல்லை. உறுப்பினர்களுக்குப் போகும் அறிவிப்பில் நாள்கணக்கு வேண்டவே வேண்டாம். நாட்காட்டியில் பார்த்து, வேலை நாளாகத் தேர்ந்த தேதியை அச்சிடுங்கள்.

கேள்வி: நான் அந்தக் குழுவில் வருகிறேன் என்று நினைக்கிறேன். இப்போதே படிவம் அனுப்பலாமா? தனியாக வழக்குப் போட நினைத்தால் காலவரம்பு ஓடிக்கொண்டிருக்கிறதா? (வாசகர், டாலஸ்)

முதற்கட்ட ஒப்புதலுக்கு முன் அனுப்புவதற்குப் படிவமே இல்லை. இந்தக் கட்டத்தில் உங்கள் வங்கி விவரத்தையோ "பதிவுக் கட்டணத்தையோ" கேட்டு வரும் செய்தி எதுவாக இருந்தாலும் நம்ப வேண்டாம். சமரசத்தில் பங்கு கேட்க உறுப்பினர் காசு கட்ட வேண்டியதில்லை.

காலவரம்பு பற்றி: அமெரிக்கன் பைப் வழக்கில் 1974-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, குழு வழக்கு நிலுவையில் உள்ளபோது அதன் உத்தேச உறுப்பினர்களின் காலவரம்பு ஓடாமல் நிற்கிறது. 1983-இல் இது தனி வழக்குப் போடுபவர்களுக்கும் பொருந்தும் என்று ஆனது. ஆனால் 2018-இன் சைனா அக்ரிடெக் தீர்ப்பின்படி, அதே சலுகையை வைத்துக் காலம் கடந்து இன்னொரு குழு வழக்குத் தொடங்க முடியாது. பங்குப்பத்திரச் சட்டங்களில் உள்ளதுபோன்ற மாற்ற முடியாத இறுதி வரம்புகளை இது நிறுத்தாது என்று 2017-இல் தீர்ப்பானது. மாநிலச் சட்டத்தின் கீழ் வரும் கோரிக்கை என்றால் அந்த மாநில விதியைப் பார்க்க வேண்டும். நீங்கள் விலகல் படிவம் கொடுத்த நாளிலிருந்து உங்கள் கடிகாரம் மறுபடி ஓடத் தொடங்கும் என்றே எண்ணிக்கொண்டு, அதற்கு முன்பே வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.

கேள்வி: ஒப்புதல் வந்ததா என்று நானே பார்க்க வழி உண்டா? (அதே வாசகர்)

ஃபெடரல் நீதிமன்ற ஆவணங்களுக்கான பேசர் (PACER) இணையதளத்தில் கணக்குத் தொடங்கி வழக்கு எண்ணைப் போட்டுப் பாருங்கள். பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். ஒரு காலாண்டில் 30 டாலருக்குள் இருந்தால் கட்டணமே இல்லை. பட்டியலில் "உத்தேச உத்தரவு" என்று இருப்பது தரப்புகள் எழுதிக் கொடுத்த வரைவு. நீதிபதி கையெழுத்திட்டது தனிப் பதிவாக, தனி எண்ணோடு வரும்.

கேள்வி: முதற்கட்ட ஒப்புதலை நீதிபதி மறுத்துவிட்டார். பழைய தேதிகள் திரும்ப உயிர்பெறுமா? மேல்முறையீடு செய்யலாமா? (வாசகி, சியாட்டில்)

மேல்முறையீட்டை முதலில் தள்ளிவிடலாம். விதி 23(இ)(1)-இன் கீழ் வரும் உத்தரவை 23(எஃப்) வழியாக எடுத்துச்செல்ல முடியாது என்று 2018 திருத்தம் தெளிவாக்கிவிட்டது.

தேதிகள் பற்றி, நிறுத்திவைத்த உத்தரவின் வாசகம்தான் பேசும். "ஒப்புதல் மனு முடிவாகும் வரை நிறுத்தம்" என்று இருந்தால் மறுப்பு வந்த அன்றே நிறுத்தம் முடிந்தது. நடுவில் கடந்துபோன கெடுக்கள் என்ன ஆயின என்று யாருக்கும் தெரியாத நிலை வரும். தேதிகளையே ரத்து செய்திருந்தால் புதியவை வைக்கப்படும் வரை எதுவும் இல்லை. இரண்டிலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒரு வாரத்துக்குள் கூட்டு அறிக்கை போட்டு, மனுவைத் திருத்தித் தருவதற்கு ஒரு தேதியும், அதுவும் பலிக்காவிட்டால் வழக்கைத் தொடர ஓர் அட்டவணையும் சேர்த்துக் கேளுங்கள். அட்டவணையில் நிபுணர்களுக்கு நிஜமாக வேண்டிய காலத்தை விடுங்கள். வேலையை மாதக்கணக்கில் நிறுத்திவைத்த நிபுணரால் 14 நாளில் அறிக்கை தர முடியாது.

மறுப்பு பெரும்பாலும் திருத்த இடம் விட்டே வரும். கைவிடும் உரிமைகள் வழக்கில் கேட்டதைவிட அகலமாக இருப்பது, கோரப்படாத பணம் பிரதிவாதிக்கே திரும்புவது, இழப்பீட்டுப் படிவம் தேவையின்றிக் கடினமாக இருப்பது, முழு வெற்றியின் மதிப்பைச் சொல்லாதது ஆகியவை அடிக்கடி காணும் குறைகள். நீதிபதி குறையைச் சுட்டிக்காட்டலாம். தரப்புகள் ஒப்புக்கொள்ளாத நிபந்தனையை ஒப்பந்தத்தில் தானே எழுதிச் சேர்க்க முடியாது. 1986-இல் இவான்ஸ் எதிர் ஜெஃப் டி. வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் சொல்லியிருக்கிறது. எனவே திருத்தத்துக்கு மறுபடி பேச்சுவார்த்தை வேண்டும். விதிமுறைகள் கணிசமாக மாறினால் மாநில அதிகாரிகளுக்கும் புதிய அறிவிப்பு அனுப்பி, 90 நாளைப் புதிதாக எண்ணுவதே பாதுகாப்பு.

கேள்வி: எங்கள் வழக்கு கலிஃபோர்னியா மாநில நீதிமன்றத்தில். இதே விதிகள்தானா? (வாசகர், சான் ஹோசே)

படிகள் ஏறத்தாழ ஒன்றே. அங்கே பொருந்துவது மாநில நீதிமன்ற விதி 3.769. ஆனால் ஃபெடரலில் இல்லாத ஒரு கண்ணி இருக்கிறது. சிவில் நடைமுறைச் சட்டம் 583.310-இன்படி வழக்குத் தொடுத்த ஐந்து ஆண்டுக்குள் விசாரணைக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் தள்ளுபடி கட்டாயம். நிறுத்திவைப்பு இருந்த காலம் இதிலிருந்து கழிக்கப்படும் என்று நம்பிப் பலர் நிம்மதியாக இருப்பார்கள். 2011-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், வழக்கின் எல்லா நடவடிக்கைகளையும் நிறுத்திய முழு நிறுத்திவைப்பு மட்டுமே கழிக்கப்படும், பகுதி நிறுத்தம் கழிக்கப்படாது என்று தீர்ப்பளித்தது. "சமரசம் தொடர்பானவை தவிர மற்றவை நிறுத்தம்" என்ற வழக்கமான வாசகம் எந்தப் பக்கம் விழும் என்று வாதிடும் நிலைக்குப் போகவே வேண்டாம். பிரிவு 583.330 எழுத்துபூர்வ உடன்பாட்டால் ஐந்தாண்டை நீட்டிக்க அனுமதிக்கிறது. சமரச ஒப்பந்தத்திலேயே ஒரு பத்தியாக, கையெழுத்தான நாள் முதல் ஒப்புதல் மறுக்கப்பட்டு 90 நாள் வரை உள்ள காலம் ஐந்தாண்டுக் கணக்கில் சேராது என்று எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். ஏற்கெனவே கையெழுத்தாகிவிட்டது என்றால் தனி உடன்பாடாக இந்த வாரமே வாங்கிவிடுங்கள். சமரசம் முறிந்தபின் எதிர்த்தரப்பு அதைத் தரப்போவதில்லை.